அளவு மாதிரி கார் கட்டுதல்: கிட் தேர்விலிருந்து கண்ணாடிப் பளபளப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பீரங்கி வண்டியோ போர்விமானமோ கட்டுகிற மாடல் கலைஞருக்கு ஒரு சலுகை உண்டு. மங்கலான ராணுவ வண்ணத்தின் மேல் சேறு, துரு, புகைக்கறை என்று அடுக்கிக்கொண்டே போகும்போது, அடியில் இருக்கும் சிறு குறைகள் அவற்றுக்குள் மறைந்துவிடும். கார் கட்டுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பளபளக்கும் பரப்பில் ஒரு கீறலும் ஒரு தூசியும் விளக்கொளி படும்போது தனியாகத் தெரியும். ஆகவே கார் மாடலில் வேலையின் பெரும்பகுதி பாடியிலும் அதன் பெயின்டிலும்தான் இருக்கிறது. பாகங்களை ஒட்டுவது அதற்கு அடுத்ததுதான். இந்த வழிகாட்டியும் அந்த விகிதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அளவும் கிட்டும்

கார் மாடல்களில் மிகப் பரவலான அளவுகள் 1/24, 1/25 ஆகியவை. நாலரை மீட்டர் நீளமுள்ள ஒரு கார் 1/24 அளவில் ஏறக்குறைய 19 சென்டிமீட்டராகவும், 1/25 அளவில் 18 சென்டிமீட்டராகவும் வரும். டாமியா, ஆவோஷிமா, ஃபுஜிமி, ஹசேகாவா போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் பெரும்பாலும் 1/24 அளவைப் பின்பற்றுகின்றன. 1/25 என்பது அமெரிக்க மரபு. 1948இல் தொடங்கப்பட்ட ஏ.எம்.டி நிறுவனம் முதலில் கார் விற்பனையாளர்களுக்கான விளம்பர மாடல்களைச் செய்து, 1958இல் அவற்றையே வீட்டில் கட்டும் பாகத் தொகுப்புகளாக, அதாவது கிட்டுகளாக, வெளியிட்டபோது அந்த அளவு நிலைபெற்றது. ஃபார்முலா ஒன் கார்களுக்கு 1/20 அளவு வழக்கம். 1/12 அளவில் வருபவை ஏராளமான நுண்பாகங்களோடு, மேசையை முழுவதும் பிடித்துக்கொள்ளக்கூடியவை. 1/43 அளவு பெரும்பாலும் ரெசினிலும் வெள்ளை உலோகத்திலும் வரும். அவற்றுக்கான பசையும் கருவிகளும் வேறு என்பதால் தொடக்கநிலையில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

முதல் மாடலுக்கு எஞ்சின் இல்லாத 1/24 கிட் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பானெட் மூடியே இருக்கும் இவ்வகைக் கிட்டுகளில் பாகங்கள் குறைவு. கவனம் முழுவதையும் பாடியில் செலுத்த முடியும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஆண்டை மட்டும் நம்பி வாங்கக்கூடாது. பல பத்தாண்டுகளுக்கு முன் செய்த அச்சு வார்ப்பையே புதிய பெட்டியில் வைத்து விற்பது இத்துறையில் சாதாரணம். ஒரு கிட்டின் வார்ப்பு எந்த ஆண்டைச் சேர்ந்தது, எத்தனை முறை மறுபெட்டியிடப்பட்டது என்பதை ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பழைய வார்ப்புகளுக்கும் தனி அழகு உண்டுதான். ஆனால் பொருந்தாத பாகங்களோடு மல்லுக்கட்டும் பொறுமை முதல் மாடலிலேயே சோதிக்கப்பட வேண்டியதில்லை. அதேபோல, பாடிக்கு நீங்கள் பூச நினைக்கும் நிறத்திலோ வெள்ளையிலோ வார்க்கப்பட்ட கிட் கிடைத்தால் அதுவே உத்தமம். சிவப்புப் பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளை பூசினால், பிளாஸ்டிக்கில் உள்ள சாயம் மேலே கசிந்து வெள்ளை மெல்ல இளஞ்சிவப்பாகும்.

கருவிகள்

தொடக்கத்துக்குத் தேவையானவை கொஞ்சம்தான்: பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கான ஒருபக்கம் தட்டையான நிப்பர், கூர்மையான மாடல் கத்தி, முனை மெலிந்த இடுக்கி, 400 முதல் 2000 வரையிலான நீர் உப்புத்தாள் (எண் கூடக்கூட நுண்மையானது), மாஸ்கிங் டேப், பசை. இவற்றில் காசு செலவழிக்கத் தகுந்தது நிப்பர் ஒன்றுதான். மலிவான நிப்பர் பிளாஸ்டிக்கை வெட்டுவதற்குப் பதில் நசுக்கி, வெட்டுமிடத்தில் வெளிறிய தழும்பை விட்டுவிடும்.

பசையில் மூன்று வகை வேண்டும். பாலிஸ்டைரீன் பாகங்களுக்கு, பரப்பை உருக்கி ஒன்றாக்கும் மெல்லிய சிமென்ட். இரு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடைவெளியில் தூரிகை நுனியைத் தொட்டால் பசை தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். உலோகப் பாகங்களுக்குச் சூப்பர் குளூ. ஜன்னல் போன்ற தெளிவான கண்ணாடிப் பாகங்களுக்கு வெள்ளைப் பசை. கண்ணாடிக்குச் சூப்பர் குளூவைப் பயன்படுத்தவே கூடாது. அதன் ஆவி அருகிலுள்ள தெளிவான பரப்பில் படிந்து, துடைத்தாலும் போகாத வெண்மூட்டத்தை உண்டாக்கும்.

பாதுகாப்புக்கான கருவி இந்தப் பட்டியலில் கடைசியாக வந்தாலும் வாங்கும்போது முதலில் வர வேண்டும். கடுமையான கரைப்பான் கொண்ட லாக்கர் வகைப் பெயின்ட் அடிக்கும்போது, கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடி தேவை. தூசிக்கான சாதாரண முகமூடி ஆவியை நிறுத்தாது. நல்ல காற்றோட்டமும், அருகில் தீச்சுடரோ எரியும் அடுப்போ இல்லாத இடமும் கட்டாயம்.

படி ஒன்று: கையேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

கிட்டோடு வரும் கையேடு எஞ்சினிலோ சேஸி எனும் அடிச்சட்டத்திலோ தொடங்கி, பாடியைக் கடைசியில் கொண்டுவரும். பாகங்கள் எப்படிச் சேர்கின்றன என்பதை விளக்க அது சரியான வரிசை. வேலை செய்வதற்கு ஏற்ற வரிசை அதுவன்று. பாடியில் பூசும் பெயின்ட் முழுமையாக இறுகுவதற்கு நாட்களும், சில சமயம் வாரங்களும் ஆகும். ஆகவே பாடியை முதலில் பிரைமர் (நிறத்துக்கு அடியில் பூசும் அடிப்பூச்சு), நிறம் என்று கொண்டுபோய் உலர வைத்துவிட்டு, அந்த இடைவெளியில் சேஸி, உட்புறம், சக்கரம் ஆகியவற்றைக் கட்ட வேண்டும். இப்படிச் செய்தால் பெயின்ட் உலரவில்லையே என்ற அவசரம் எழாது. அரைகுறையாக உலர்ந்த பாடியில் விரல் ரேகை பதிவதெல்லாம் அந்த அவசரத்தின் விளைவுதான்.

கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்து, பாடியின் நிறத்திலேயே வரவேண்டிய பாகங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பம்பர், பக்கக் கண்ணாடியின் கூடு, பின்புற ஸ்பாய்லர், பானெட், டிக்கி மூடி. இவை எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே டப்பாவிலிருந்து, காரில் அவை இருக்கும் அதே கோணத்தில் பிடித்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். உலோகத் துகள் கலந்த வண்ணங்களில் இது மிக முக்கியம். துகள்கள் படுக்கும் திசை மாறினால் பம்பர் ஒரு நிறமாகவும் பாடி ஒரு நிறமாகவும் தெரியும்.

படி இரண்டு: பாடியைத் தயார் செய்தல்

பாகங்களை வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திர சோப்பு கலந்து கழுவி, காற்றில் உலர விடுங்கள். வார்ப்பிலிருந்து பாகத்தை விடுவிக்கப் பயன்படும் எண்ணெய்ப் பசை மேலே இருந்தால் பெயின்ட் ஒட்டாது.

அடுத்து, வார்ப்பின் இணைப்புக் கோடுகளைத் தேட வேண்டும். பாடியின் அச்சு பல துண்டுகளாக இருப்பதால், அவை சேருமிடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு மேடு நிற்கும். இது வழக்கமாக முன் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உச்சியிலும், கூரையைத் தாங்கும் தூண்களிலும், பம்பரின் மூலைகளிலும் ஓடும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகத்தால் தடவிப் பாருங்கள். கத்தியின் வெட்டு விளிம்பைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி, பின்னர் 600, 1000 உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். பொறுமையின்றி இதைத் தாண்டிப் போனால், பளபளப்பு ஏறியபின் அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படும்.

கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றின் இடைவெளிக் கோடுகளை இப்போதே ஆழப்படுத்திவிட வேண்டும். உண்மையான காரில் கதவு இடைவெளி ஏறக்குறைய 4 முதல் 5 மில்லிமீட்டர். 1/24 அளவில் அது 0.2 மில்லிமீட்டர். பிரைமர், நிறம், கிளியர் (மேலே பூசும் நிறமற்ற பூச்சு) என்று அடுக்கடுக்காகப் பூசும்போது இவ்வளவு சிறிய பள்ளம் எளிதில் நிரம்பிவிடும். அதற்கென விற்கும் கீறுகருவியையோ கத்தியின் பின்முனையையோ கோட்டில் வைத்து, அழுத்தமே இல்லாமல் பல முறை இழுக்க வேண்டும். முதல் இழுப்பிலேயே ஆழம் வேண்டும் என்று அழுத்தினால் கருவி தடம்புரண்டு கதவின் நடுவே ஓடும்.

இந்தக் கட்டத்தில் சேஸியையும் இருக்கைகள் அமரும் உட்புறத் தொட்டியையும் கண்ணாடியையும் ஒட்டாமல் பாடிக்குள் வைத்துப் பொருத்திப் பாருங்கள். எங்கேனும் இடித்தால் இப்போதே தேய்த்துச் சரிசெய்துவிட வேண்டும். பெயின்ட் ஏறிய பாடியை விரித்து நெருக்குவது ஆபத்தானது.

படி மூன்று: பிரைமரும் நிறமும்

உண்மையான காரின் பெயின்ட் அடுக்கு மொத்தமாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றி இருக்கும். அதை 24ஆல் வகுத்தால் வரும் கனத்தைக் கையால் பூசவே முடியாது. நம்மால் இயன்றது அடுக்குகளை முடிந்தவரை மெலிதாக வைப்பதுதான். கார் மாடலில் சொல்லப்படும் அறிவுரைகளில் பாதி இந்த ஒரு கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் இருந்தால் நல்லது. ஆனால் அது இல்லாமலும் சிறந்த பாடியைச் செய்யலாம். பாலிஸ்டைரீனுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஸ்ப்ரே டப்பாக்கள், எடுத்துக்காட்டாக டாமியாவின் டி.எஸ் வரிசை, தொடக்கநிலையினருக்குப் போதுமானவை. அதே நிறுவனத்தின் பி.எஸ் வரிசை, ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கானது. டப்பாக்கள் ஒன்றுபோல் தோன்றுவதால் வாங்கும்போது எழுத்தைப் பார்த்து எடுக்க வேண்டும்.

பிரைமரின் நிறம் மேலே வரும் நிறத்தைப் பாதிக்கும். வெள்ளை, மஞ்சள் ஆகியவற்றுக்கு வெள்ளைப் பிரைமர். சிவப்புக்கு வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. அடர்ந்த நிறங்களுக்குச் சாம்பல். இரண்டு மெல்லிய அடுக்குகள் போதும். பிரைமர் காய்ந்ததும் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாடியைச் சுற்றிப் பாருங்கள். விட்டுப்போன கீறல்களும் கோடுகளும் அப்போது வெளிப்படும். அவற்றைச் சரிசெய்து மீண்டும் அந்த இடத்தில் பிரைமர் அடித்து, 1500 அல்லது 2000 தாளால் லேசாக நீவிவிட வேண்டும்.

நிறம் அடிப்பதற்கு முன் டப்பாவை 40 டிகிரிக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்தால், உள்ளிருக்கும் பெயின்ட் இளகி, நுண்ணிய துளிகளாக வெளிவரும். நெருப்பின் அருகிலோ கொதிநீரிலோ ஒருபோதும் வைக்கக்கூடாது. டப்பாவை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் நன்றாகக் குலுக்குங்கள். பாடியை உட்புறமிருந்து தாங்கும்படி ஒரு பாட்டிலின் மேல் டேப் சுருளால் பொருத்திக்கொண்டால் எல்லாப் பக்கமும் திருப்ப முடியும்.

20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில், பாடிக்கு வெளியே தொடங்கி, நிற்காமல் ஒரே வேகத்தில் கடந்து, மறுபக்கம் வெளியே சென்றபின் விரலை எடுக்க வேண்டும். முதல் அடுக்கு வெறும் தூவலாக, கீழுள்ள பிரைமர் தெரியும்படியே இருக்கட்டும். அடுத்த அடுக்குக்கு அதுவே பிடிமானம். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது அடுக்குகள். கடைசி அடுக்கை மட்டும் சற்றே ஈரமாக, பரப்பு நனைந்து மினுங்கும் அளவுக்கு அடிக்கலாம். அந்த ஈரத்துக்கும் வழிந்தோடுவதற்கும் இடையே நூலிழைதான் வித்தியாசம். அதைப் பழைய பாடியிலோ பிளாஸ்டிக் கரண்டியிலோ அடித்துப் பழகிக்கொள்வது நல்லது.

ஆரஞ்சுத் தோல் போன்ற கரடு தோன்றினால், துளிகள் பாடியை அடையும் முன்னரே பாதி உலர்ந்துவிட்டன என்று பொருள். தூரத்தைக் குறைக்க வேண்டும். பால்போன்ற வெண்மூட்டம் தோன்றினால் காற்றில் ஈரப்பதம் மிகுதி. லாக்கர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிவதால் அது நேர்கிறது. மழை நாளில் அடிக்காமல் இருப்பதே தீர்வு. ஈரமான பெயின்டில் தூசி விழுந்தால் கைவைக்காதீர்கள். காய்ந்தபின் 2000 தாளால் எடுத்துவிடலாம். ஈரத்தில் இடுக்கியால் எடுக்கப் போனால் தூசியோடு பள்ளமும் சேர்ந்து வரும்.

முற்றிலும் கெட்டுவிட்டாலும் பாடி வீணாகாது. அடர்த்தியான ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்தால் பெரும்பாலான மாடல் அக்ரிலிக்குகளும் டி.எஸ் வகைப் பெயின்டும் இளகிக் கழன்றுவிடும். பாலிஸ்டைரீனுக்கு அது தீங்கு செய்யாது. பழைய பல் துலக்கியால் தேய்த்து, கழுவி, மீண்டும் பிரைமரிலிருந்து தொடங்கலாம்.

பெயின்ட் வகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடிக்கும்போது ஒரு விதி: லாக்கரின் மேல் எனாமல் போகலாம், எனாமலின் மேல் லாக்கர் போகக்கூடாது. லாக்கரின் கடுமையான கரைப்பான் கீழுள்ள எனாமலைச் சுருக்கி எழுப்பிவிடும்.

படி நான்கு: டீகால், கிளியர், பாலிஷ்

நிறம் இறுகிவிட்டதா என்பதை அறிய எளிய சோதனை, மூக்கைப் பாடியின் அருகே கொண்டுபோவதுதான். கரைப்பான் வாடை வந்தால் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

டீகாலை (நீரில் நனைத்து ஒட்டும் அச்சிட்ட மெல்லிய படம்) ஒவ்வொன்றாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் பத்து இருபது விநாடி நனைத்து, வெளியே எடுத்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். தாளிலிருந்து அது நகரத் தொடங்கியதும், பாடியில் ஒரு துளி நீர் விட்டு, அதன்மேல் வழுக்கிவிட்டு இடம் பார்த்துச் சரிசெய்யலாம். நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஈரப் பஞ்சுக்குச்சியால் நீரை வெளியேற்ற வேண்டும். வளைவான இடங்களில் மைக்ரோ சால் போன்ற மென்மைப்படுத்தும் திரவத்தைத் தடவினால், டீகால் முதலில் கிழட்டுத் தோல்போலச் சுருங்கும். பார்ப்பவருக்கு நெஞ்சு பதறும்; ஆனால் அந்த நேரத்தில் தொட்டால்தான் கெடும். தானாக உலர விட்டால் அது வளைவில் படிந்து, பெயின்டாலேயே வரைந்ததுபோல் ஒட்டிவிடும்.

ஒற்றை நிறப் பளபளப்பு வண்ணமும், டீகால் இல்லாத பாடியும் என்றால் கிளியர் இல்லாமலே பாலிஷ் செய்யலாம். உலோகத் துகள் கலந்த வண்ணத்துக்குக் கிளியர் கட்டாயம். துகளை நேரடியாகத் தேய்த்தால் நிறம் திட்டுத்திட்டாக மாறும். டீகாலின் மேல் லாக்கர் கிளியரை நேராக ஈரமாக அடித்தால் அது டீகாலைக் கரைக்கக்கூடும். முதல் சில அடுக்குகளை வெறும் தூவலாக அடித்து ஓர் உறையை உண்டாக்கியபின்தான் ஈர அடுக்குக்குப் போக வேண்டும். இருகூறு யூரித்தேன் கிளியர் அற்புதமான ஆழத்தைத் தரும் என்பது உண்மை. ஆனால் அதன் இறுக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழாயை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியது. முறையான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாதவர் அதைத் தொடாமல் இருப்பதே சரி என்பது என் கருத்து. லாக்கர் கிளியரும் நல்ல பாலிஷும் பெரும்பாலும் அதே இடத்துக்குக் கொண்டுசேர்க்கும்.

கிளியர் இறுக ஒரு வாரமாவது கொடுங்கள். பிறகு, பானெட்டின் விளிம்பு, கதவின் மடிப்புக் கோடு, சக்கர வளைவின் ஓரம் போன்ற கூரிய இடங்களில் மெல்லிய மாஸ்கிங் டேப்பை ஒட்டிக்கொள்ளுங்கள். விளிம்புகளில் பெயின்ட் இயல்பாகவே மெலிந்து நிற்பதால், இரண்டு தேய்ப்பில் பிரைமர் வெளியே வந்துவிடும். சோப்பு நீரில் நனைத்த 2000 தாளில் தொடங்கி 3000, 4000, 6000 என்று மேலே போகலாம். தேய்த்த இடம் மங்கலாகும். அந்த மங்கலுக்குள் பளபளப்பான புள்ளிகள் மிச்சமிருந்தால், அங்கே இன்னும் பள்ளம் இருக்கிறது என்று அறியலாம். புள்ளிகள் மறைந்ததும் நிறுத்திவிட்டு, கரடு, மென்மை, இறுதி என்ற வரிசையில் பாலிஷ் களிம்பை மென்துணியால் சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு களிம்புக்கும் தனித்துணி. மேலே உள்ள விளக்கின் உருவம் கூரையில் அலையாமல், கூர்மையான விளிம்போடு தெரிந்தால் அந்தப் பகுதி முடிந்தது.

கோடுகளில் தங்கிய களிம்பை மென்மையான பல் துலக்கியால் கழுவியபின், நீர்போல் மெலிதாக்கிய எனாமல் பெயின்டை (வாஷ்) கதவு இடைவெளியில் ஒரு முனையில் தொட்டால், அது கோட்டின் வழியே தானாக ஓடும். வழிந்ததை எனாமல் தின்னர் லேசாகத் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். வெள்ளைக் காருக்குச் சாம்பல், சிவப்புக்கு அடர்பழுப்பு. எல்லாவற்றுக்கும் கறுப்பு என்றால் கார் கேலிச்சித்திரம்போல் ஆகிவிடும்.

படி ஐந்து: பாடி உலரும் இடைவெளியில் செய்பவை

சேஸி முழுவதையும் ஒரே கறுப்பில் அடிப்பது எளிது. ஆனால் பொம்மைத்தனம் வரும். அடிப்பரப்புக்கு அரைப்பளபளப்புக் கறுப்பு, சஸ்பென்ஷன் கைகளுக்குச் சற்று மங்கலான கறுப்பு, புகைபோக்கிக்கு உலோக நிறம் என்று வேறுபடுத்தினாலே போதும். உட்புறத்தில் முழுப் பளபளப்பு எதற்கும் வேண்டாம்.

எஞ்சின் உள்ள கிட்டில் ஸ்பார்க் பிளக் கம்பிகளைச் சேர்க்க விரும்பினால் கணக்குப் போடுங்கள்: உண்மையான கம்பி 7 அல்லது 8 மில்லிமீட்டர், 24ஆல் வகுத்தால் 0.3 மில்லிமீட்டர். அதைவிடத் தடிமனான கம்பி எவ்வளவு நேர்த்தியாகப் பொருத்தினாலும் தோட்டக் குழாயாகத்தான் தெரியும்.

குரோம் பூசிய பாகங்களில் பசை பூச்சோடு மட்டுமே ஒட்டி, பின்னர் கழன்றுவிடும். ஒட்டுமிடத்தில் பூச்சைச் சுரண்டிவிடுங்கள். குரோம் மிகையாகத் தெரிந்தால் குளோரின் பிளீச்சில் ஊறவைத்து நீக்கிவிட்டு வேறு உலோக நிறம் அடிக்கலாம். பிளீச்சோடு அமிலத்தையோ அம்மோனியா கலந்த எதையுமோ சேர்க்கக் கூடாது. ஜன்னலைச் சுற்றிய மெல்லிய குரோம் பட்டைக்கு, பின்புறம் பசையுள்ள மிகமெல்லிய அலுமினியத் தாள் சிறந்தது. பட்டையின் மேல் ஒட்டி, பஞ்சுக்குச்சியால் நீவி, புத்தம்புதிய கத்தி முனையால் ஓரத்தை வெட்டி மிச்சத்தை உரிக்க வேண்டும். முனை மழுங்கியிருந்தால் தாள் கிழியும், கை அழுத்தும், கீழுள்ள பெயின்ட் வெட்டுப்படும்.

டயரின் தரைதொடும் பகுதியை உப்புத்தாளால் தேய்த்தால் நடுவிலுள்ள வார்ப்புக் கோடு போய், ஓடிய டயரின் மங்கலும் வந்துவிடும். சக்கரங்களைப் பொருத்தியபின் சேஸியைத் தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, நான்கும் தரையைத் தொடும் நிலையில் சஸ்பென்ஷனின் பசை இறுகும்வரை விடுங்கள். மூன்று சக்கரத்தில் நிற்கும் காரின் பெயின்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் கண் அதில் போகாது.

படி ஆறு: ஒன்றுசேர்த்தல்

பருத்திக் கையுறை அணிந்துகொள்ளுங்கள். கண்ணாடிகளின் நடுப்பகுதியை டேப்பால் மறைத்துக் கறுப்பு ஓரங்களை அடித்தபின், வெள்ளைப் பசையால் உட்புறமிருந்து ஒட்டி, அது தெளிவாகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பாடியின் கீழ் விளிம்புகளை மெல்ல விரித்து, சேஸியை முன்புறம் முதலில் நுழைத்துப் பின்புறத்தை இறக்குங்கள். விளக்குகள், முத்திரைகள், வைப்பர் ஆகியவை அடுத்து வரும். பக்கக் கண்ணாடிகளை, மற்ற எல்லாம் முடிந்தபின், கடைசியாக ஒட்டுங்கள்; இடையில் ஒட்டினால் கை பட்டு உடைவது அவைதான்.

முடிந்த காரை நேரடி வெயில் படாத இடத்தில், மூடிய பெட்டிக்குள் வையுங்கள். வெயில் டீகாலின் நிறத்தை வெளிறச் செய்யும், கிளியரை மஞ்சளாக்கும். தூசியை அடிக்கடி துடைப்பது பாலிஷில் நுண்கீறல் போடும். பழைய கிட்டுகளின் மென்மையான வினைல் டயர்களில் உள்ள நெகிழ்வூட்டி நாளடைவில் வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கக்கூடியது என்பதால், அத்தகைய காரைப் பாலிஸ்டைரீன் தளத்தின் மேல் நேரடியாக நிறுத்தாமல் இடையே ஒரு கண்ணாடித் தகடு வைப்பது பாதுகாப்பு.